க்யூஆர் கோடை ஒட்டியதும் நான்தான்

நூலக வார விழா மேடையில் ஒருவர், நூலகர் ஒருத்தியைக் கம்ப்யூட்டர் தெரியாதவள் என்பதுபோலக் கிண்டல் செய்த அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி "இது நீங்கதானே மேடம்?" என்று கேட்டும்விட்டீர்கள். ஆமாம், நான்தான். பேசியவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. கமென்ட்டில் நீங்களும் எழுத வேண்டாம். வயதில் பெரியவர், படித்தவர், ஊருக்கு நல்லது செய்தவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

வீடியோவில் இல்லாததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன்னால் நான் பேசினேன். ஆன்லைன் கேட்டலாக்கில் புத்தகம் தேடுவது எப்படி என்று விளக்கிவிட்டு, முடிக்கும்போது "எனக்கு இன்றைக்கும் அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துப் படிப்பதுதான் பிடிக்கும்" என்றேன். அவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். "இவங்களை மாதிரி ஆளுங்களை கம்ப்யூட்டர் பக்கம் திருப்புறதுதான் பெரிய பாடு" என்று என் பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. வீடியோ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவருக்குப் பின்னால் தெரிகிற அலமாரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதை உருவாக்கி, பிரிண்ட் எடுத்து, டேப் போட்டு ஒட்டியவள் நான். விழாவுக்கு வந்தவர்கள் பெயரைப் பதிந்த கூகுள் ஃபார்மும் நான் செய்ததுதான். அவரும் அதில்தான் தன் பெயரைப் பதிந்தார்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தெரியாததால் நான் அச்சுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அதுதான் பிடிக்கிறது. இது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவரை மேடையில் வைத்துச் சிரிக்க வைக்கக் கூடாது.

என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கோஹா என்று ஒரு நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலக அமைப்புக்காக எழுதி, 2000-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்தே வைத்துவிட்டார்கள். ஒரு நூலகத்தின் தேவையிலிருந்து பிறந்த கருவி அது. நூலகத்துக்காரர்கள் கம்ப்யூட்டருக்கு எதிரி என்பவர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதில் தமிழ்ப் புத்தகங்களின் பட்டியலை ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. பழைய பட்டியலை யாரோ அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார்கள். அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவார்கள், யூனிகோடில் அது தலைகீழ். 'கொ', 'பொ' வருகிற ஒவ்வொரு தலைப்பையும் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதை முடித்தால் ஆசிரியர் பெயர். நம் வட ஆற்காட்டுக்காரர் மு.வ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவில் 'மு. வரதராசன்', இன்னொன்றில் 'வரதராசனார், மு.', வேறொன்றில் 'டாக்டர் மு.வ.'. புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. வாசகர் ஏதாவது ஒரு பெயரைத் தட்டினால் மற்றப் பெயர்களில் கிடக்கிற புத்தகங்கள் திரையில் வராது. புத்தகம் அலமாரியில் இருக்கும், கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும். எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாத இந்த ஆள்தான்.

இதற்காக யாரும் பாராட்ட வேண்டாம். இது என் வேலை. ஆனால் இதைச் செய்தவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று மைக்கில் சொல்லாதீர்கள்.

ஆன்லைன் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளத்துக்காரர்களை வேலூரில் எல்லோரும் பார்த்திருப்போம். ஓட்டல் போர்டே வங்காளத்தில் இருக்கிற ஊர் இது. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒரு பெரியவர் எங்கள் வாசிப்பு அறையில் வந்து உட்காருவார். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் வராது. மேஜையில் கிடக்கிற பேப்பரைப் புரட்டிப் படத்தை மட்டும் பார்ப்பார். போனில் மொழிபெயர்ப்பை வைத்துப் பேசிப் பார்த்தேன். எங்கள் நூலகத்துக்கு வங்காளப் பத்திரிகை வருவதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வங்காள நாளிதழின் இ-பேப்பரைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கம் திருப்புவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு ஊருக்குத் திரும்பும் வரைக்கும் காலையில் வந்ததும் நேராக அந்த நாற்காலிக்குத்தான் போவார். இணையம் இல்லாவிட்டால் அவருக்கு நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பார்வை இல்லாத வாசகருக்கு, புத்தகத்தை வாசித்துச் சொல்கிற மென்பொருள் எவ்வளவு பெரிய விஷயம் என்றும் தெரியும். அதில் அச்சுக்காக நான் வாதாடவே மாட்டேன்.

ஆனால் எங்கள் வாசிப்பு அறையில் குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகளையும் வந்து பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடப்புத்தகம் முழுக்க இலவசமாக இணையத்தில் இருக்கிறது. எல்லோர் போனிலும் டெலிகிராம் இருக்கிறது, அதில் மலை மாதிரி பிடிஎஃப் இருக்கிறது. அப்படியும் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் ஒரு பிரதி எங்களிடம் இருந்தால் அதற்கு வரிசை நிற்கிறது. அவர்கள் எல்லோரும் பழம்பஞ்சாங்கமா? இருபது வயசுப் பிள்ளைகள். "போன்ல படிச்சா மண்டையில நிக்க மாட்டேங்குதுக்கா" என்று ஒரு பெண் சொன்னாள்.

அவள் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆராய்ச்சி சொன்னால் நம்புவீர்கள் இல்லையா? ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த பாடங்களைத் திரையில் படித்ததைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்கவில்லை. இந்தக் கட்டுரையைத் தேடிப் படித்ததும் ஆன்லைனில்தான். அச்சுப் புத்தகத்துக்காகப் பேச ஆன்லைனில் தேடினேன். இதில் உங்களுக்கு என்ன முரண்பாடு தெரிகிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது கமென்ட்டுக்கு வருகிறேன்.

"நூலகம் வளரும் உயிர் என்று ரங்கநாதனே சொல்லியிருக்கிறாரே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் தம்பி. 1931-ல் வந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் அது ஐந்தாவது. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். எங்களுக்குப் பாடமே அவர்தான். வளரும் என்றுதான் சொன்னார். வளர்வதற்காகப் பழையதை எல்லாம் எடைக்குப் போடு என்று எங்கே சொன்னார்? நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதற்காகத்தான் கேட்டலாக்கை ஆன்லைனில் ஏற்றினேன். இரண்டாவதும் மூன்றாவதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். போன் இல்லாத வாசகர் அந்த 'ஒவ்வொரு'வில் சேர்வாரா மாட்டாரா?

"காகிதத்துக்கு மரம் வெட்டுகிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவர்கள் என்னிடம் மரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

"1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததே, ஸ்கேன் செய்து வைத்திருந்தால் போயிருக்குமா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இது நியாயமான கேள்வி. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். ஸ்கேன் செய்ய நான் கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 2009-ல் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' மின்நூலை விற்ற அமேசான், உரிமைச் சிக்கல் என்று, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்கிற மின்நூல் கருவியிலிருந்தே அதை நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. என் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகத்தை ராத்திரி யாரும் வந்து அப்படி எடுத்துப் போக முடியாது. ஒன்று எரியும், ஒன்று மறையும். அப்படியானால் இரண்டையும்தானே வைத்துக்கொள்ள வேண்டும்? நான் அதைத்தானே சொல்கிறேன்?

அடுத்த கமென்ட்தான் தூங்க விடவில்லை. "வேலை போயிடும்னு பயம், அதான் புத்தகம் புத்தகம்னு பேசறாங்க." இதற்குப் பல பேர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். அதில் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்து வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்தேன்.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். எழுதப் படிக்கத் தெரியாது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஊறவைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடித்து நூலைச் சுற்றுவார். கை பாட்டுக்கு ஓடும், காது என்னிடம் இருக்கும். நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை உரக்கப் படிப்பேன். பீடிக் கட்டு ஒப்படைக்கிற நேரம் வந்தால் கத்தரித்து மிஞ்சிய இலைத் துண்டு ஒன்றைப் பக்கத்துக்கு நடுவில் வைத்து, "இதுக்கப்புறம் ராத்திரி படி" என்பார். படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் கையால் ஒரு புத்தகத்தில் இடம் பிடித்து வைத்தார். அந்த வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தது ஓர் ஊர் நூலகம். நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான். இதைப் போய்ச் சம்பளத்துக்காகப் பேசுகிறாள் என்றால் நான் என்ன சொல்ல?

நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் வசூலாகிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம், சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம். என் அம்மாவைப் போன்றவர்களின் வீட்டுக்கும் புத்தகம் போய்ச் சேரட்டும் என்று போட்டது. "கட்டிடம் எதற்கு, ஒரு லிங்க் போதும்" என்று அதே மேடையில் சொன்னார்களே, அதற்கும் கை தட்டினீர்களே, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னைக் கிண்டல் செய்தபோது வரவில்லை. லிங்க் போதும் என்கிறவர்கள், மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு பெண் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்று யோசித்ததுண்டா? அவளுக்கு வேண்டியது புத்தகம் மட்டுமில்லை, ஒரு மின்விசிறியும் யாரும் விரட்டாத ஒரு நாற்காலியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சமீபத்தில் சத்துவாச்சாரி பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பெரியவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். "எல்லாம் பிடிஎஃப் கிடைக்கும் மேடம், எடைக்குப் போட்டுடறோம்" என்றார் போனில். நேரில் போய்ப் பார்த்தேன். நாவல்கள், அகராதி எல்லாம் ஆன்லைனில் இருக்கலாம். ஆனால் அடியில் ஒரு கட்டு இருந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவின் பழைய நோட்டீஸ்கள், ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை ஒன்று, அட்டை கிழிந்த பள்ளி ஆண்டு மலர். ஒவ்வொன்றையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடினேன், மற்ற தளங்களிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. நம் ஊரைப் பற்றி நம் ஊர் அச்சகத்தில் அடித்த காகிதம், எடைக்குப் போக இருந்தது. ஆன்லைனில் தேடத் தெரிந்ததால்தான் அது ஆன்லைனில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டை ஸ்கேன் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். காகிதம் மஞ்சளாகி மடிப்பில் உடைகிறது, மெதுவாகத்தான் செய்ய முடிகிறது. முடித்த பிறகும் காகிதத்தைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வேன், எடைக்குப் போட மாட்டேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீடு காலி செய்கிறவர்கள், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்கு இன்பாக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகம் உண்டு, வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளி என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.