பால்வாடிக்கு இன்னொரு ஆள் வேண்டும்

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்குப் பார்வைக்குப் போயிருந்தேன். காலை பத்தரை மணி. இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்றரை வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, தரையில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு ஓடி வந்து டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "டீச்சர், அஞ்சு வச்சுட்டேன்."

டீச்சர் கையில் ஃபோன். எதிரே ஏழு மாத கர்ப்பிணி, சத்துமாவு வாங்க வந்தவர். முகத்தைப் படம் பிடித்து ஆதாரோடு ஒத்துப்போனால்தான் பாக்கெட் தர முடியும். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குக் கூட்டிப் போனார். அடுத்து நின்றவருக்கு ஆதார் சரிபார்ப்பே முடியவில்லை. ஓடிபி போகும் நம்பர் வீட்டுக்காரருடையது, அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருக்கிறார், ஃபோன் எடுக்கவில்லை. "இருடா தங்கம், இதோ வந்துடறேன்" என்று டீச்சர் நாலு முறை சொன்னதை நான் கேட்டேன். ஆயாம்மா பின்கட்டில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை அந்தக் குழந்தை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பாயில் குப்புறப் படுத்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. கொட்டைகளை வேறு பையன் உதைத்துச் சிதறடித்திருந்தான்.

நான் மேற்பார்வையாளர். பார்வைக் குறிப்பேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "முன்பருவக் கல்விச் செயல்பாடுகள் அட்டவணைப்படி நடைபெறவில்லை." டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐசிடிஎஸ் என்கிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,439 மையங்கள். சாப்பாடு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்குச் சத்துணவு ஆலோசனை, தடுப்பூசி, உடல் பரிசோதனை, ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைத்து அனுப்புவது என்று ஆறு சேவைகள். ஊசி போடுவது செவிலியர்தான். ஆனால் பிள்ளைகளைத் திரட்டி வைத்திருப்பது யார்? டீச்சர்தான். அப்புறம் எடை, உயரம், வீடு பார்வை, மாதாந்திர அறிக்கை, கூட்டம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரை, கூடவே கர்ப்பிணி, பாலூட்டும் தாய், எல்லாம் ஒரே ஆள் தலையில். கூட ஓர் ஆயாம்மா உண்டு. அவருக்கு அடுப்பே சரியாகப் போய்விடும்.

2021 மார்ச்சில், பிள்ளைகளின் வருகை, எடை, உணவு எல்லாவற்றையும் ஃபோனில் பதிவு செய்யும் மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி வந்தது. அதை நான் எதிர்க்கவில்லை. ஊரில் இல்லாத பிள்ளைக்கு வருகை போட்ட மையங்களை நானே பார்த்திருக்கிறேன். செயலி வந்தபின் அந்தப் பழக்கம் குறைந்தது. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் உணவுக்கு முகப் பதிவும் கட்டாயம் ஆனது. திருட்டைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக வேலையைக் கூட்டியபோது ஆளைக் கூட்டவில்லை. நேரம் எங்கிருந்து வரும்? பாட்டு, கதை, புளியங்கொட்டை எண்ணுவது, இவற்றிலிருந்துதான் எடுத்தார்கள். மேலே இருந்து எந்த அதிகாரியும் ஃபோன் போட்டு "இன்று என்ன கதை சொன்னீர்கள்?" என்று கேட்பதில்லை. "என்ட்ரி எத்தனை முடிந்தது?" என்றுதான் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இன்னொன்றும் போனது. வீடு பார்வை. செயலியில் டிக் விழுந்துவிடும், வீட்டுப் படியை மிதித்திருக்க மாட்டார்கள். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

பல வருடம் முன்பு என் பகுதியில் பதினான்கு மாதப் பெண் குழந்தை ஒன்று. எடை 7.1 கிலோ, இரண்டு மாதமாக ஏறவே இல்லை. சத்துமாவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, பதிவேட்டில் குறை இல்லை. அந்த டீச்சர் வேலை நேரம் முடிந்தபின் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அம்மா விடியற்காலையிலேயே கரும்பு வெட்டப் போய்விடுகிறார். குழந்தை கொள்ளுப்பாட்டியிடம். கண் சரியாகத் தெரியாத கிழவி. மாவு கொடுத்தால் வயிற்றாலே போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டுகள் பிரிக்காமல் பரணில் இருந்தன. டீச்சர் திட்டவில்லை. பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து வெந்நீரில் மாவைக் கரைத்து, ஒரு கரண்டி கடலெண்ணெய் விட்டுக் கஞ்சியாக்கி, பாட்டியையே ஊட்டச் சொன்னார். மூன்று சாயங்காலம் போனார். மூன்று மாதத்தில் 7.9 கிலோ. வளர்ச்சி அட்டையில் மஞ்சளில் இருந்த புள்ளி பச்சை ஓரத்தைத் தொட்டது.

எந்தச் செயலியும் அந்தப் பரணை எட்டிப் பார்த்திருக்காது. அந்த டீச்சருக்கும் அது சம்பளம் இல்லாத நேரம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளையைத் தேடிப் பிடித்து, அதற்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். ஊழியரின் கவனம் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் மேல்தான். எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொட்டவில்லை.

சரி, ஆளைக் கூட்டினால் உண்மையிலேயே மாற்றம் வருமா? நம் மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு ஓர் ஆளைச் சேர்த்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது அடுத்த முடிவைப் படித்தபோதுதான். அந்த மையங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் வளர்ச்சி குன்றலும்கூடக் குறைந்திருந்தன. புதிதாக வந்தவர் சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை. ஆனால் டீச்சருக்குக் கை ஒழிந்தது, சத்துணவு, சுகாதார வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. அந்தப் பரணை எட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

"பள்ளியிலேயே எல்கேஜி வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-ல் மூடுவதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள், 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். 54,439-ல் 2,381 என்பது எவ்வளவு சின்னப் பங்கு! மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு யார்? மலையிலும் காலனியிலும் இருக்கும் குறுமையங்களில் டீச்சர் ஒருவரே எல்லாம், அங்கே ஆயாம்மாகூடக் கிடையாது.

பணம் இல்லை என்பார்கள். மத்திய அரசு டீச்சருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் 4,500 ரூபாய், ஆயாம்மாவுக்கு 2,250. 2018 அக்டோபருக்குப் பிறகு அது பல வருடம் நகரவே இல்லை. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்துக் கொடுப்பது உண்மை, அதற்கு நன்றி உண்டு. ஆனாலும் 2025-ல் 7,783 பணியிடங்களை நிரப்ப அறிவித்தபோது டீச்சருக்கு முதல் ஆண்டுத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். அந்த 7,783-ம் காலியாகக் கிடந்த பழைய இடங்கள். ஒன்றுகூடப் புதிதாக உருவாக்கியது இல்லை. ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடாமல், ஒரே டீச்சர் இரண்டு மையத்துச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்ததை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரியது இல்லை. மையத்துக்கு ஒருவர், அந்த ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணாக இருக்கட்டும். காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை நான்கு மணி நேரம். நல்ல பயிற்சி, மரியாதையான சம்பளம். பதிவேடு, செயலி, கூட்டம் எதிலும் அவரை இழுக்கக் கூடாது என்று நியமன ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் ஆறே மாதத்தில் அவர் கையிலும் ஒரு ஃபோன் இருக்கும். முதலில் குறுமையங்கள், அடுத்து இருபது பிள்ளைகளுக்கு மேல் வரும் மையங்கள் என்று படிப்படியாகக்கூடச் செய்யலாம்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது கிராம சபைக்குப் போகிறவர்களாக இருந்தால், அதற்கு முன் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு உங்கள் ஊர் பால்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். டீச்சரைக் கேள்வி கேட்காதீர்கள், கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு குழந்தை எதையோ காட்ட உங்களிடம் வரும்.