எழுந்து போக வேண்டியது அவள் அல்ல

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் நடந்ததைப் பற்றி மீண்டும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களில் பலருக்கு அது ஏற்கெனவே தெரியும்: கர்ப்பிணியான தங்கை உட்கார்ந்திருந்த கூடத்திலேயே அவள் புகுந்த வீட்டுப் பெரியவர் சிகரெட் புகைத்தார். ஆனால் என் காதுக்குத் திரும்பி வரும் கதையில் நான் கத்தியிருக்கிறேன், பெரியவர் கையிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கியிருக்கிறேன். நான் கத்தவில்லை, எதையும் பிடுங்கவும் இல்லை. "மாமா, அவளுக்கு ஏழாம் மாதம். கொஞ்சம் வெளியே போய்ப் புகைக்கலாமே" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நான்கு நாட்களாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவள் உள்ளே போகட்டும்."

அவளும் போனாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் நாற்காலியைப் பிடித்து எழுந்து, தான் வாழும் வீட்டின் கூடத்திலிருந்து வெளியேறினாள். நாங்கள் ஆறு பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து போக வேண்டியது அவள் அல்ல. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதில் பெரியவர் சிறியவர் என்ற கேள்வியே இல்லை. புகைப்பவரால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போக முடியும். கருவிலிருக்கும் குழந்தையால் எங்கும் போக முடியாது.

"கதவைச் சாத்திக்கொண்டால் போதாதா" என்கிறார்கள். போதாது. அறையில் சேரும் புகையில் பெரும்பகுதி புகைப்பவர் ஊதிவிடுவது அல்ல. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே நுனி தானாகக் கனன்று வெளிவிடுவது. அது வடிகட்டி வழியாகக் கூட வருவதில்லை. கண்ணுக்குத் தெரியும் புகை கலைந்த பிறகும் நுண்துகள்கள் காற்றில் நிற்கும், கதவிடுக்கில் நுழைந்து அடுத்த அறைக்குப் போகும். ஜன்னலைத் திறந்தாலும் மின்விசிறியைச் சுழற்றினாலும் இதே நிலைதான். காற்றுச் சுத்திகரிப்பான் துகள்களில் கொஞ்சத்தைப் பிடிக்கும், வாயுக்களில் பெரும்பகுதியை விட்டுவிடும். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் 2006இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. எனக்கு அதிகம் உறைப்பது கார்பன் மோனாக்சைடுதான். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாயின் இரத்தத்திலிருந்து வடிந்த பிறகும் குழந்தையின் இரத்தத்தில் சற்று நீண்ட நேரம் தங்கும். நிகோடினும் அதே வழியில் போகிறது. தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கூடத் தொடாத பெண்ணின் தொப்புள்கொடி இரத்தத்தில் நிகோடினின் மிச்சம் கிடைக்கிறது என்றால், அவள் எந்தக் குற்றமும் செய்யாமல் அது எப்படி அங்கே வந்தது என்று வீட்டில் உள்ளவர்கள் யோசிக்க வேண்டாமா?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நீயும் புகைத்தவன்தானே, உனக்கு என்ன யோக்கியதை" என்று நெருங்கிய ஒருவரே கேட்டுவிட்டார்.

ஆம், புகைத்தேன். என் மனைவி மகளைச் சுமந்திருந்த மாதங்களிலும் புகைத்தேன். படுக்கையறை ஜன்னலருகே நின்று, தலையை வெளியே நீட்டி, மிகுந்த அக்கறையோடு நடந்துகொள்வதாக நினைத்துப் புகைத்தேன். முடித்ததும் அதே சட்டையோடு, அதே கையோடு அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். மசக்கை என்று நினைத்தேன். மகள் 36ஆவது வாரத்தில் 2,100 கிராமோடு பிறந்தாள். 2,500க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. அது என் புகையால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. எடைக்குறைவுக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த நூறில் ஒன்று என் கையில் இருந்தது. அதை நான் கீழே வைக்கவில்லை. குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகளைப் பார்த்த அன்று விட்டேன். ஒன்பது மாதம் முன்பே விட்டிருக்க வேண்டும். அதனால்தான் பேசுகிறேன். யோக்கியதை கேட்டவருக்கு இதற்கு மேல் பதில் என்னிடம் இல்லை.

"எங்கள் காலத்தில் எல்லோரும் புகைத்தார்கள், குழந்தைகள் நன்றாகத்தான் பிறந்தன" என்று இன்னொருவர். பிறந்து நன்றாக இருப்பவர்கள் மட்டும்தான் இன்று இப்படிப் பேசுவதற்கு இருக்கிறோம். கலைந்தவை, இறந்து பிறந்தவை, தொட்டிலில் தூக்கத்திலேயே போனவை எந்தக் காலத்தின் கணக்கில் வருகின்றன? ஒவ்வொரு குடும்பத்திலும் யாரும் பெயர் சொல்லாத ஒரு குழந்தை இருக்கும். புகைக்காத கர்ப்பிணிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியான கட்டுரை, பிறர் புகையைச் சுவாசித்தவர்களிடம் குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் 23 சதவீதம் அதிகமாக இருந்ததாகக் கண்டது. அந்தக் காலத்திலும் அந்த அபாயம் இருந்தது. அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

வாகனப் புகை, அடுப்புப் புகை எல்லாம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அவையும் கெடுதல்தான். அதற்காக வீட்டுக்குள் ஒன்றைக் கூடுதலாகக் கொளுத்த வேண்டுமா?

மரியாதைக் குறைவு என்பதுதான் என்னை மிகவும் காயப்படுத்தியது. சம்பந்தி வீட்டில் வாய் திறந்தது தவறாம். கர்ப்பிணி என்ன சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எதைத் தூக்கக் கூடாது என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அவள் எதைச் சுவாசிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் அது அவமதிப்பு. நாங்கள் போன மருத்துவமனையிலும் என் மனைவியிடம்தான் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் "நீங்கள் புகைப்பீர்களா" என்று யாரும் கேட்கவில்லை. கர்ப்பிணியிடம் வீட்டுப் புகையைப் பற்றியும் கேளுங்கள், கணவரிடமும் மற்றவர்களிடமும் பேசுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அன்று ஒருவர் கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டாவது விட்டிருப்பேன். என் மனைவி ஏன் கேட்கவில்லை என்று நேற்றிரவு அவளிடமே கேட்டேன். "கேட்டால் சண்டை வரும் என்று பயந்தேன்" என்றாள். பதினோரு ஆண்டுகள் கழித்துச் சொல்கிறாள்.

என் தங்கையும் கேட்க மாட்டாள். நேற்று தொலைபேசியில், "விடு அண்ணா, நான் பின்னறையிலேயே இருந்துகொள்கிறேன்" என்றாள். இன்னும் இரண்டு மாதம் ஒரு பெண் பின்னறையில் இருப்பதாம். குழந்தை பிறந்த பிறகு? பிறந்த குழந்தையின் நுரையீரலுக்கு அந்தப் புகை இன்னும் நேரடியாகவே போகும்.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது எவ்வளவு கடினம் என்பதை என் உடம்பு அறியும். விட நினைத்தால் மருத்துவரிடம் நானே அழைத்துப் போகிறேன். அதுவரை வாசலைத் தாண்டி, ஜன்னல்களை விட்டு விலகிப் புகையுங்கள். முடித்ததும் கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். வரும் ஞாயிறு நான் வரும்போது வெளியே உங்களுக்கு ஒரு நாற்காலி போடுகிறேன். நீங்கள் திரும்பி வரும் வரை அவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.