தேநீரில் தேன் இல்லை

நேற்று மகளின் தமிழ் விடைத்தாள் வந்தது. 'தேநீர்' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த 'நீ'யைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'னீ' போட்டு, அரை மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறார்கள். "எல்லாக் கடையிலயும் தேனீர்னுதானேப்பா போட்டிருக்கு, நான்தான் தப்போ?" என்று கேட்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. சரியாக எழுதிய பிள்ளையைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே!

தேனீர் என்றால் தேன் கலந்த நீர். தேன் + நிலவு தேனிலவு ஆகிறதல்லவா, அதே கணக்குதான். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் விட்டுக் குடிப்பவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளட்டும். கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கிறாரே மாஸ்டர், அந்தக் கிளாஸில் தேன் எங்கே இருக்கிறது?

அதில் இருப்பது 'தே'. சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் பேசும் மின்னான் மொழியில் தேயிலைச் செடிக்கு அதுதான் பெயர். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் இலையோடு சொல்லையும் கப்பலில் ஏற்றிப் போனார்கள். ஆங்கிலத்து 'டீ'க்கும் வேர் இதுதான். சீனாவின் பெரும்பகுதியில், அந்தப் பெயரை எழுதும் அதே சீன எழுத்தை 'சா' என்று படிப்பார்கள். இந்தியின் சாய், மலையாளத்தின் சாய எல்லாம் அந்தப் பக்கத்துச் சொந்தம்.

நாம் 'தே'யோடு இலையைச் சேர்த்தோம், நடுவே 'ய்' வந்தது, தேயிலை ஆனது. தேன் என்றால் தேனிலை என்றல்லவா வந்திருக்கும்? தேனிலைத் தோட்டம் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? இலங்கைத் தமிழர் தேத்தண்ணி என்கிறார்கள். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்ட பிறகு, நம் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொழுந்து கிள்ளிய மலைகள் அவை. அங்கே பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஆச்சி வாயிலும் 'தே' பிசகாமல் வருகிறது. பாடம் நடத்துகிறவர்களுக்கு வரவில்லை!

தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. சொல்லுக்கு நடுவில் ந, ன இரண்டும் இன்று காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கின்றன. ஆங்கில எழுத்தில் தட்டினால் நடுவில் 'ன'தான் வந்து விழுகிறது. அதனால் கடைப் பலகை எழுதுகிறவரையோ ஃபிளெக்ஸ் அடிக்கிறவரையோ நான் திட்டமாட்டேன். ஆனால் "தேன் மாதிரி இனிக்குது, அதான் தேனீர்" என்று பிள்ளைகளிடம் விளக்கமும் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? பலகையில் இருக்கும் பிழை மழையில் அழியும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பிழையை நாற்பது பிள்ளைகள் ஆயுசுக்கும் எழுதுவார்கள்.

விடைத்தாளின் ஓரத்தில் 'தே + இலை, தே + நீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளைக் காலை நானே எடுத்துப் போகிறேன். அந்த அரை மதிப்பெண் அவளுக்கு வந்தாக வேண்டும், அதுவும் வகுப்பில் எல்லோர் முன்னாலும்.