ஓடைக்கரையில் கூடாரம் வேண்டாம்
குழந்தைகளோடு மலைப் பள்ளத்தாக்கில் தங்குபவர்கள் ஓடையை ஒட்டியே கூடாரம் அடிக்கலாம், தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடையில் வெள்ளம் வர நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே மலையில் எங்கோ கொட்டினால் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து நம் கரையோர ஊர்களை என்ன பாடு படுத்தியது! இன்னொன்று, குளிர். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். ஜவ்வாது மலையில் ஓடையருகே நாங்கள் தங்கியபோது, விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து, சின்னவளின் போர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது. கடலோரப் புழுக்கத்தில் வளர்ந்த பிள்ளை, பல் தந்தியடித்தது. மறுநாள் மேட்டுக்கு மாறியதும் நன்றாகத் தூங்கினாள். அரையாண்டு விடுமுறையில் கல்வராயன் மலைக்குப் போகலாமா என்று அந்தக் கட்டுரையின் கருத்துப் பகுதியில் கேட்டிருக்கும் புதுச்சேரி நண்பரே, தாராளமாகப் போங்கள், பெரியார் அருவியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் சருகும் குச்சிகளும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். முன்பு வெள்ளம் ஏறிய மட்டம் அது. அதற்கும் நன்றாக மேலே, வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் கூடாரம் போடுங்கள்.