சிக்கரி நம்ம ஊர் தில்லுமுல்லு இல்லை
காபியில் சிக்கரி சேர்ப்பது நம் ஊர் வியாபாரிகள் கண்டுபிடித்த தில்லுமுல்லு என்று உங்கள் காபிக் கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், அது சரியில்லை. 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டு, காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோதே பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் குடிக்கப் பழகிவிட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இன்றைக்கும் சிக்கரி காபிதான் ஊர்ப்பெருமை. இங்கே இந்தியாவில் சட்டப்படியே 49 சதவீதம் வரை சேர்க்கலாம், என்ன, பாக்கெட்டில் அளவைப் போட வேண்டும் (அதைத் தேடிப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி தேவை). அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒருவர் சிக்கரி கலக்காத சுத்தமான பொடி என்று வாங்கினால் டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்குகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார். ஏமாற்றவில்லை சார், சிக்கரிதான் வெந்நீரை இழுத்து உப்பிக்கொண்டு ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக இறங்க வைக்கும். எங்கள் வீட்டில் எண்பதுக்கு இருபது கலவைதான், சிக்கரி இல்லாமல் வெறும் பீபரி (உருண்டைக் காபிக்கொட்டை) போட்டால் மாமியார் அதைக் காபி என்றே ஒத்துக்கொள்வதில்லை.