அவள் மணிக்கட்டை முதலில் விடுங்கள்

வீட்டு வாசலைத் தாண்டினால் போதும், என் நான்கு வயது மகளை எடை போட ஊரே காத்திருக்கிறது. காய்கறிக் கடை அக்கா, மாடி வீட்டு மாமா, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்மணி என்று எல்லோருக்கும் கண்ணிலேயே தராசு. "என்ன, பிள்ளை இப்படி இளைத்துப் போயிருக்கிறது?" என்று தொடங்குவார்கள். இளைக்க வேண்டுமென்றால் முன்பு பெருத்திருக்க வேண்டாமா? இவர்களில் பாதிப் பேர் அவளை முன்பு பார்த்ததே கிடையாது. அடுத்த கேள்வி எனக்கு. "ஒன்றும் கொடுப்பதில்லையா?"

கொடுப்பதில்லையா! காலையில் கண் விழித்ததிலிருந்து நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்? இட்லிக்கு மாவு இருக்கிறதா, மதியத்துக்கு எந்தக் காய், நேற்றுத் துப்பிய கீரையை இன்று அடையில் ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவாளா, இதைத் தவிர என் மண்டைக்குள் வேறு எதற்கும் இடமில்லை.

இத்தனைக்கும் என் நாளிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டு நேரம்தான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து இரண்டு பேரையும் உட்கார வைப்பேன். பெரியவள் தட்டில் குழைந்த சோறு, பருப்பு, மேலே கொஞ்சம் நெய். முதல் வேலையாகக் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைப்பாள். பெரிய இலை அப்பா, அடுத்தது அம்மா, சுருண்டு கிடப்பது ஆச்சி, கடுகு ஒன்று தம்பி. குடும்பம் முழுவதும் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் வாய் உள்ளே போகும்.

சின்னவனுக்கு ஒன்றரை வயது. ஊட்ட விடமாட்டான். ஐந்து விரலையும் சோற்றில் அமுக்கிக் கையைத் தூக்கி, உள்ளங்கையில் ஒட்டியதை மட்டும் நக்குவான். பாதி வயிற்றுக்கு, பாதி வேட்டிக்கு. காதுக்குப் பின்னால் பருப்பு எப்படிப் போகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. திடீரென்று ஏதோ நினைத்துக்கொண்டவனாக, எச்சில் ஒழுகும் ஒற்றைப் பருக்கையை என் வாயருகே நீட்டி "ஆ" என்பான். நான் அதை வாங்கி மென்று காட்டினால்தான் அவனுக்கு அடுத்த வாய் இறங்கும். இருவரில் ஒருவர் பாதியில் போதும் என்று எழுந்தால் நான் மறிப்பதில்லை. பசித்தால் கேட்பார்கள். கேட்கவும் செய்கிறார்கள், பெரும்பாலும் நான் அடுக்களையைத் துடைத்து விளக்கை அணைத்த மறுநிமிடம்.

இந்த நேரத்தின் மேல்தான் உறவுக்காரர்களுக்குக் கண். சரியாக அப்போதுதான் வீடியோ அழைப்பு வரும். "அவ்வளவுதான் சாப்பிட்டாளா? இன்னும் நாலு வாய் திணி." "போனைக் காட்டி ஊட்டு, தெரியாமலே உள்ளே போய்விடும்." தெரியாமலே உள்ளே போவதற்கு அது என்ன பேதி மருந்தா? பருப்புச் சோறு. அதன் மணமும் சூடும் அவளுக்குத் தெரிய வேண்டும். வயிறு நிறைந்ததும் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த வயது? சின்னவன் வயதுப் பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. அதைச் சொன்னால், "நாங்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்று கேட்பார்கள். வளர்த்தீர்கள். அப்போது உங்கள் கையில் போன் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மறுவீட்டு விருந்து. இலை போட்டாயிற்று. கணவர் வழியில் சித்தி முறை வேண்டிய ஒருவர் என் மகளை அருகே இழுத்தார். அவள் பெயரையே தப்பாகச் சொல்லித்தான் கூப்பிட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவள் மணிக்கட்டை வளைத்துப் பிடித்து, இரண்டு விரல் நுனியும் ஒன்றையொன்று தொடுவதைப் பந்தி முழுக்கத் தூக்கிக் காட்டினார். சந்தையில் கோழி வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு அழுத்திப் பார்க்க மாட்டார்கள். "எலும்பும் தோலுமாக இருக்கிறாளே, பாருங்கள்." பக்கத்து இலையிலிருந்து உடனே விளக்கம் வந்தது: "அம்மாக்காரி வேலைக்குப் போகிறாள் அல்லவா?" விசாரணையும் முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. என் கணவர் அதே வரிசையில் நான்கு இலை தள்ளி உட்கார்ந்து சொதியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அவரும்தான் வேலைக்குப் போகிறார். "பிள்ளைக்கு ஒன்றும் கொடுப்பதில்லையா தம்பி?" என்று அவரிடம் கேட்கிற ஆள் திருநெல்வேலிச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

சின்னவன் கொஞ்சம் புஷ்டியானவன். அதே சித்தி அவனைத் தூக்கி, தொடையைக் கிள்ளி, "இவன் அப்படியே எங்கள் வீட்டு உடல்வாகு" என்று பூரித்துப் போனார். ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே கை. மெலிந்தால் என் கைக்குற்றம், பருத்தால் அவர்கள் பரம்பரைப் பெருமை! அதோடு விட்டார்களா? கண் பட்டுவிடும், வீட்டுக்குப் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்று எனக்கு உத்தரவு வேறு. பட்டால் யார் கண் படும்? கிள்ளியவர் கண்தானே?

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது. அதில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கால்சட்டை இடுப்பில் நிற்காமல், அரைஞாண் கயிற்றில் சொருகிக்கொண்டு நிற்கிறான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அது என் கணவர். "எங்கள் வீட்டு உடல்வாகு" என்பவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கணக்கு பேசுவோம் என்றால் நான் தயார். பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடுகிறது. 3 கிலோவில் பிறந்தது 9 கிலோ. இந்த ஓட்டத்திலேயே அது போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டு வயதில் 27 கிலோ, மூன்று வயதில் 81, நான்கு வயதில் 243. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், கோயில் யானைக்குத் துணையாக அனுப்பலாம். உண்மையில் இரண்டாம் ஆண்டில் இரண்டரை கிலோ போலக் கூடும், அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் குறைகிறது. "முன்பு நன்றாகச் சாப்பிட்டாள், இப்போது சாப்பிடுவதில்லை" என்று எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு வேளைத் தட்டைப் பார்க்காதே, ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். இன்று இரண்டு வாய் தின்றவள் நாளை மூன்று தோசை கேட்பாள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடு இருக்கிறது. நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு அதில் நடு அளவு 16.1 கிலோ. 12.3 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு. என் மகள் 14.2. நடு அளவுக்குக் கீழே பாதிப் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள், கணக்கே அப்படித்தான். எங்கள் அங்கன்வாடி அக்கா எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறார். புள்ளி ஒவ்வொரு முறையும் பச்சைப் பட்டைக்குள்தான் விழுகிறது, கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்து அவருக்கு வராத கவலை, விருந்துக்கு வந்த சித்திக்கு எங்கிருந்து வருகிறது?

கவலை வந்தால் கையோடு மருந்தும் வந்துவிடும். வேறென்ன, டப்பா. பாலில் ஒரு கரண்டி கலந்து கொடு, கிடுகிடுவென்று ஏறிவிடுவாள் என்பார்கள். அந்த டப்பாக்களின் பின்பக்கத்தை என்றாவது திருப்பிப் பார்த்திருக்கிறார்களா? பல டப்பாக்களில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பொடி எழுத்தில் கிடக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. விளம்பரத்தில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தம்ளர் குடித்துவிட்டு மரத்தைவிட உயரமாகப் போய்விடுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தம்ளர் இனிப்புப் பாலைக் குடித்த பிள்ளைக்குச் சோறு எங்கே இறங்கும்? பிறகு சோறு தின்னவில்லை என்று அடுத்த டப்பா. விற்கிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை ஒரு சித்தியும் கேட்டதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்திய அளவில் 67 சதவீதம். கன்னம் உப்பியிருக்கிற பிள்ளைக்கும் அது இருக்கலாம். நாள் முழுவதும் பாலிலேயே ஓட்டுகிற கொழுகொழுப் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைந்துபோவது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற சங்கதி. "பூச்சி மாத்திரை கொடுத்தாயா? கீரை, முட்டை, பேரீச்சம்பழம் ஏதாவது இறங்குகிறதா?" என்று ஒருவர் கேட்கட்டும், உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுக்கிறேன். இவர்களுக்கு அதெல்லாம் வேண்டாம். கிள்ளுவதற்குச் சதை இருந்தால் போதும்.

ஆச்சி சொன்னால் மட்டும் நான் பதில் பேசுவதில்லை. 1960-களில் அரிசிக்கு வரிசையில் நின்றவள் அவள். கம்மங்கூழை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, பானையைக் கழுவிக் குடித்துப் படுத்தவள். அவள் கண்ணுக்கு மெலிந்த பிள்ளை என்றால் பசித்த பிள்ளைதான், அதில் நியாயம் இருக்கிறது. அவள் கேட்டுவிட்டுப் போவதும் இல்லை. பனங்கற்கண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, கொள்ளுப்பேத்தியை மடியில் போட்டுக் கதை சொல்லிக்கொண்டே அரைத் தட்டுச் சோற்றை ஊட்டிவிடுவாள். ஆச்சி பட்ட பட்டினியை ஒருநாளும் படாமல், குளிரூட்டிய அறையில் எடை குறைக்கும் பானத்தை உறிஞ்சிக்கொண்டு, என் பிள்ளை போதுமான அளவு பருமனாக இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண்ணுக்குப் பதினைந்து வயதாகட்டும், இதே வாய் "கொஞ்சம் குறைத்தால் நல்லது, வரன் பார்க்கிற வயது வந்துகொண்டிருக்கிறதே" என்று சொல்லும். எத்தனை வயதில் எத்தனை கிலோ இருந்தால் உங்கள் வாய் மூடும் என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள், அதையும் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். பிள்ளைக்கும் இரண்டு காது இருக்கிறது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த விருந்துக்குப் பிறகு ஒரு நாள், குளித்துவிட்டு வந்த மகள் கண்ணாடி முன் நின்று தன் மணிக்கட்டைத் தானே வளைத்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல் குட்டி விரல், நுனிகள் தொடவில்லை. "அம்மா, எனக்குத் தொடவில்லை. நான் குண்டாகிவிட்டேனா?" என்று கேட்டாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சித்தியை அப்போதே போனில் கூப்பிட்டிருப்பேன். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் கை எதற்கு என்று தெரிய வேண்டும். மண் அள்ள, பட்டாம்பூச்சி துரத்த, தம்பி தலைமுடியைப் பிடித்து இழுக்க. அதைச் சுற்றளவு பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்று இரவு தட்டு விளிம்பில் அப்பா, அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரையும் வைத்துவிட்டு, ஒரு சின்னக் கறிவேப்பிலையைத் தனியே எடுத்து, "இது ஒல்லியாக இருந்த நான்" என்று ஓரமாகத் தள்ளினாள். என்ன சொல்வது? அந்த இலையை எடுத்து வரிசைக்கு நடுவில் வைத்தேன். அவள் மறுபடி தள்ளினாள்.

அடுத்த மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கொடை. சொந்தம் மொத்தமும் வரும், சித்தியும் வருவார். மணிக்கட்டைப் பிடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் சின்னவனைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்துவிடப் போகிறேன். உங்கள் வீட்டு உடல்வாகுதானே, பன்னிரண்டு கிலோ. நல்ல வெயிலில் கோயிலை மூன்று சுற்று சுற்றி வாருங்கள் சித்தி. எடையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.