படித்துக் காட்ட ஆள் தேடச் சொன்னவர்களுக்கு

நேற்று இணையத்தில் போட்டிருந்த அந்தத் தேர்வு அட்டவணை விஷயத்தில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் படித்தால் ஒன்றும் புரியவில்லை என்று எழுதினேன். "பக்கத்தில் இருப்பவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்களேன்" என்று பதில் வந்தது. அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் இருவர் என் நண்பர்கள். இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தலைப்புக் கட்டத்தைத் தலைப்பு என்று குறித்துவையுங்கள். தடித்த எழுத்தும் பின்னணி நிறமும் கண்ணுக்குத்தான். என் காதுக்கு அவை வந்து சேராது. பக்கத்தின் நிரலில் சாதாரணக் கட்டத்துக்கான 'டிடி' என்று இருப்பதைத் தலைப்புக் கட்டத்துக்கான 'டிஎச்' என்று மாற்றி, அது வரிசைக்கா நெடுவரிசைக்கா என்பதை 'ஸ்கோப்' என்ற பண்பின் மூலம் சொன்னால் போதும். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் நான் பக்கவாட்டில் நகர்ந்தால் நெடுவரிசைத் தலைப்பையும், கீழே இறங்கினால் வரிசைத் தலைப்பையும் சொல்லிவிட்டுத்தான் என் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ கட்டத்தைப் படிக்கும். நேற்று எனக்குக் கேட்டது "வரிசை 5, நெடுவரிசை 3, கணிதம்". எந்த நாள்? காலையா, மாலையா?

இதெல்லாம் புதிது, எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்கிறார்கள். 'ஸ்கோப்' 1997-இல், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்-இன் 4-ஆம் பதிப்புடன் வந்தது. இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டியாக 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 இப்படிப்பட்ட அமைப்பைக் குறிப்பதை அடிப்படை நிலையான 'ஏ'-யிலேயே வைத்திருக்கிறது. அழகு கெட்டுவிடும் என்பதும் சரியில்லை. தோற்றத்தை, அதற்கென்றே இருக்கும் சிஎஸ்எஸ் மொழி பார்த்துக்கொள்ளும். அகலமான அட்டவணை கைபேசியில் அடங்காது என்று ஒருவர் எழுதியிருந்தார்; அது நியாயமான சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் படம் பிடித்துப் போட்டுவிடலாம் என்கிறாரே, அப்போது எனக்கு மிஞ்சுவது 'படம்' என்ற ஒரு சொல் மட்டும்.

"உங்களைப் போல எத்தனை பேர் வந்து படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டவருக்குக் கணக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் ஒருவன் வந்தேன். படிக்க முடியவில்லை.

யாரையாவது படிக்கச் சொல்வது எளிது என்று நினைக்கிறீர்கள். ஒருமுறை என் ரத்தப் பரிசோதனை முடிவு இணையத்தில் வந்தது. பரிசோதனையின் பெயர், என் அளவு, இருக்க வேண்டிய அளவு என்று மூன்று நெடுவரிசைகள். ஒன்றுக்கும் தலைப்பு குறிக்கப்படவில்லை. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டின. எது என் ரத்தத்தில் இருப்பது, எது இருக்க வேண்டியது என்று மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை. கடைசியில் தங்கையைக் கூப்பிட்டேன். நான்கு வரி படித்தாள். ஐந்தாவது வரியில் நிறுத்திவிட்டு, "அண்ணா, அம்மா வந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்றாள். என் உடம்பைப் பற்றிய செய்தி எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் பாரத்தையும் அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் நான்தான் ஏற்றினேன்.

விருப்பக்குறி போட்ட அந்த இரண்டு நண்பர்களுக்கும் இது தெரியாது. நான் சொன்னதில்லை.

இன்று காலையும் அந்தத் தேர்வு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். வரிசை 5, நெடுவரிசை 3, கணிதம்.